விளம்பரமும் விளையாட்டும்

ஒரு சமுதாயம் எதனை விரும்பும், எதற்காகத் தன் ஓய்வு நேரத்தையும் கைப்பொருளையும் மனமுவந்து ஈயும் என்பதை அதன் விளையாட்டுக்கள் காட்டிவிடும். முன்னாளிற் கிளித்தட்டும் கிட்டியும் நம் ஊர் வெளிகளை நிறைத்தன. பின்னர்த் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் கல்லூரி மைதானங்களை நிறைத்தன. இன்று அவற்றோடு கணினி விளையாட்டும் வந்து அமர்ந்திருக்கின்றது. மைதானத்தில் ஆடுவோர் தொகையிலும் திரையின் முன் ஆடுவோர் தொகை பெருகிய காலம் இது.

இப்புதிய விளையாட்டைப் பற்றி இரு வேறு கருத்துக்கள் உலவுகின்றன. அது காலத்தை விழுங்கும் பூதம் என்பர் ஒரு சாரார். அது அறிவைக் கூர்மையாக்கும் பயிற்சி என்பர் மற்றொரு சாரார். அவ்வழக்கினை ஈண்டு யாம் எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரமும் இசையும் கதையும் கணிதமும் ஒருங்கு கூடி உருவாகும் நல்ல விளையாட்டு ஓர் அரிய கலைப்படைப்பு என்பதை ஒப்புக்கொண்டே மேற்செல்கின்றோம். யாம் ஆராயப் புகுவது வேறொன்று. வருமுன் வானளாவப் புகழப்பட்டு, வந்தபின் வாங்கியோரை வருந்தச் செய்யும் விளையாட்டுக்கள் மீண்டும் மீண்டும் தோன்றுவது எதனால்? எமது விடை சுருக்கமானது. பொருளைக் கண்டு மதிப்பிடுமுன் பணத்தைக் கொடுத்துவிடும் வழக்கமே இதற்கு வேர். அவ்வேர் உள்ளவரை ஏமாற்றம் ஆண்டுதோறும் தளிர்த்துக்கொண்டே இருக்கும்.

இந்நோய் நேற்றுத் தோன்றியதன்று. 1982 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டு இயந்திரங்களின் சந்தையில் அட்டாரி என்னும் கம்பனி தனியரசு செலுத்தியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய ‘ஈ.ரி.’ என்னும் திரைப்படம் வெளிவந்து உலகைக் கவர்ந்தது. அப்படத்தின் பெயரால் ஒரு விளையாட்டை வெளியிடும் உரிமைக்கு அட்டாரி இரண்டு கோடி டொலருக்குக் குறையாத தொகை கொடுத்ததாகக் கூறுவர். பேச்சுவார்த்தை முடிந்தபோது யூலை மாதமும் முடிவை நெருங்கிவிட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு முன் பொருள் கடைக்கு வந்தாக வேண்டும். ஆகவே, ஹோவார்ட் ஸ்கொட் வார்ஷோ என்னும் ஆக்குநருக்கு அதனை இயற்றக் கிடைத்த காலம் ஏறக்குறைய ஐந்து வாரமே. பல மாதம் வேண்டிய வேலை அது. அவர் திறமையிற் குறைந்தவரல்லர். அவர் முன்னர் இயற்றிய ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ இன்றும் போற்றப்படும் விளையாட்டு. ஆயினும் காலம் தராதவிடத்துத் திறமை என் செய்யும்?

விளம்பரமோ குறைவின்றி நடைபெற்றது. பல இலட்சக் கணக்கில் விளையாட்டுப் பெட்டிகள் உற்பத்தியாயின. நத்தார்ப் பரிசாக அதனைப் பெற்ற சிறுவர் குழியில் வீழ்வதும், எழுவதும், மீண்டும் குழியில் வீழ்வதுமாகச் சலித்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்றும் பெருந்தொகை எஞ்சியது. 1983 செப்டெம்பரில், விற்காத பிற பண்டங்களோடு அப்பெட்டிகளும் பாரவண்டிகளில் ஏற்றப்பட்டு, நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பை நிலத்திற் புதைக்கப்பட்டன. கட்டுக்கதையெனப் பலரும் எண்ணியிருந்த இச்செய்தி, 2014 ஏப்ரில் 26 ஆம் நாள் அந்நிலத்தைத் தோண்டியபோது மெய்யென நிலைநாட்டப்பட்டது. ஏறக்குறைய 1,300 பெட்டிகள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அரும்பொருட்சாலையைச் சென்று சேர்ந்தது. விற்காத சரக்கு வரலாற்றுச் சான்றாயிற்று!

அன்றைய வீழ்ச்சி முழுவதையும் அந்த ஒரு விளையாட்டின் தலையிற் சுமத்துதல் நீதியன்று. தரமற்ற விளையாட்டுக்களைப் பல கம்பனிகள் போட்டியிட்டுக் கொட்டின. மலிவான வீட்டுக் கணினிகளும் சந்தைக்கு வந்தன. 1983 ஆம் ஆண்டளவில் முந்நூறு கோடி டொலருக்கு மேற்பட்டிருந்த அமெரிக்க விளையாட்டுச் சந்தை, 1985 இல் பத்துக் கோடி டொலரளவிற்குச் சுருங்கியதாகக் கணிக்கப்படுகின்றது. வாங்குவோரின் நம்பிக்கை போயிற்று. கடைக்காரரின் நம்பிக்கையும் உடன் போயிற்று. அந்நம்பிக்கையை மீட்க வந்த யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1985 இல் அமெரிக்காவினுள் நுழைந்தபோது, வாயிலிற் காவல் வைத்தே நுழைந்தது. தன் அனுமதி பெறாத விளையாட்டு இயந்திரத்தில் இயங்காதவாறு ஒரு பூட்டு அமைத்தது. அனுமதி பெற்றவற்றுக்கு ஒரு முத்திரை வழங்கியது. ஒரு வெளியீட்டாளர் ஆண்டொன்றுக்கு ஐந்து விளையாட்டுக்களுக்கு மேல் வெளியிடலாகாது எனவும் வரம்பிட்டது. அம்முத்திரை ஒரு விளையாட்டு நன்றாயிருக்கும் என்பதற்கு உறுதியாகாது. எனினும், பொருளை விற்குமுன் யாரேனும் ஒருவர் அதனைப் பார்த்தல் வேண்டும் என்னும் நெறி அதனால் நிலைபெற்றது.

இணையம் பரவிய பின் அந்நெறி நெகிழ்ந்தது. விளையாட்டு இப்போது பெட்டியில் வரவேண்டியதில்லை. கம்பியின் வழியே வீட்டுக்கு வந்துவிடும். அதனால் இரண்டு வசதிகள் விற்போருக்குக் கிடைத்தன. குறையுள்ள பொருளை இன்று விற்று, திருத்தத்தைப் பின்னர் அனுப்பலாம். பொருள் முற்றுப்பெறுமுன்னரே அதன் விலையை முன்பதிவு என்னும் பெயரால் வாங்கிக்கொள்ளலாம். இவ்விரண்டும் கூடியவிடத்து நிகழ்வது யாது என்பதை அண்மைக்கால உதாரணங்கள் இரண்டு தெளிவாகக் காட்டுகின்றன.

முதலாவது, இங்கிலாந்தின் கில்போர்ட் நகரிலுள்ள ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் ஆக்கிய ‘நோ மான்ஸ் ஸ்கை’. 2013 டிசெம்பரில் அதன் முன்னோட்டம் காட்டப்பட்டது. அண்டவெளியிற் கப்பலேறிக் கோள்தோறும் சென்று இறங்கலாம். அக்கோள்களை மனிதர் ஒவ்வொன்றாக வரைவதில்லை. கணித விதி ஒன்று அவற்றை வேண்டும்போது தோற்றுவிக்கும். கோள்களின் தொகை 18,446,744,073,709,551,616. இரண்டை அறுபத்து நான்கு முறை தம்முட் பெருக்கினால் வரும் எண் இது. இருபது பேருக்கும் குறைந்த ஒரு குழு இத்துணைப் பெரிய அண்டத்தை அமைக்கப் புகுந்தது வியப்புக்குரியதே. நிறுவனத் தலைவர் சீன் மரே தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் அளித்த பேட்டிகளில், இது செய்யலாம், அது செய்யலாம் என்று ஆர்வத்தோடு கூறி வந்தார். ஆடுவோர் இருவர் அவ்வண்டத்தில் ஒருவரையொருவர் சந்திக்கலாமோ என வினவியபோது, சந்திக்கலாம், ஆயின் அதற்கான வாய்ப்பு மிக அரிது என்னும் கருத்துப்பட விடையளித்தார்.

2016 ஓகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. வெளிவந்த நாளிலேயே இருவர் ஒரே கோளின் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தோன்றவில்லை. எண்ணிறந்த கோள்கள் இருந்தன. அவற்றுட் செய்தற்குரிய செயல்களோ சிலவே. தனிக்கணினியில் மாத்திரம் ஒரே வேளையில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடிய நிலை மாறி, இரண்டு மாதத்துள் அத்தொகை சில ஆயிரமாயிற்று. விளம்பரம் மக்களைப் பிழையாக வழிநடத்தியதா என்று பிரித்தானிய விளம்பர நெறிமுறை அதிகாரசபை விசாரணை செய்து, நொவெம்பரில் அந்நிறுவனம் விதியை மீறவில்லை எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் முன் குற்றமில்லை எனும் தீர்ப்பு ஒருபுறம் இருக்க, சொன்னதும் கொடுத்ததும் ஒன்றல்ல என்பதை வாங்கியவர் அறிவர்.

இரண்டாவது, போலந்து நாட்டின் வார்சோவிலுள்ள சீ.டி. புரொஜெக்ட் நிறுவனத்தின் ‘சைபர்பங்க் 2077’. இதன் அறிவிப்பு வந்தது 2012 இல். 2019 யூன் மாதத்தில் ஹொலிவூட் நடிகர் கீனு ரீவ்ஸ் மேடையேறி அதனை அறிமுகஞ்செய்தபோது அரங்கம் ஆரவாரித்தது. 2020 ஏப்ரில் என்று குறிக்கப்பட்ட நாள் செப்டெம்பருக்கும், பின் நொவெம்பருக்கும், பின் டிசெம்பர் 10 ஆம் நாளுக்கும் ஒத்திவைக்கப்பட்டது. ஊழியரைக் கட்டாய மேலதிக வேலைக்கு உட்படுத்துவதில்லை என முன்னர்க் கூறியிருந்த நிறுவனம், இறுதி வாரங்களில் அவர்களை வாரம் ஆறு நாள் வேலை வாங்கியது. வெளியீட்டுக்கு முன் விமரிசகர் கையிற் கொடுக்கப்பட்டது ஆற்றல் மிக்க தனிக்கணினிகளுக்கான வடிவமே. 2013 இல் வெளிவந்த பழைய விளையாட்டு இயந்திரங்களை வைத்திருந்த பெருந்தொகையினர் எதனைப் பெறப்போகின்றனர் என்பதை எவரும் முன்கூட்டிக் கண்டு சொல்ல வழியிருக்கவில்லை.

அவர்கள் பெற்றதோ அடிக்கடி நின்றுபோகும் ஒன்று. உருவங்கள் சிதைந்தும், தெருக்கள் வெறிச்சோடியும் தோன்றிய ஒன்று. வெளிவந்து ஒரு வாரத்தில், டிசெம்பர் 17 ஆம் நாள், சொனி நிறுவனம் அவ்விளையாட்டைத் தன் இணையக் கடையிலிருந்து அகற்றி, வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 யூன் மாதம் வரை அது மீண்டும் அக்கடையேறவில்லை. நிறுவனத்தாரோ சனவரியிற் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர்.

இவ்வரலாற்றில் ஒரு செய்தியை நம் மாணவர் கருத்திற் பதித்தல் வேண்டும். அவ்விளையாட்டுக்கு வந்த முன்பதிவுகள் 80 இலட்சம். இணையவழி முன்பதிவால் வந்த வருவாய் ஒன்றே, ஆக்கச் செலவையும் விளம்பரச் செலவையும் ஈடுசெய்துவிட்டதென நிறுவனமே பெருமையோடு அறிவித்தது. இதன் பொருள் யாது? எவரும் அவ்விளையாட்டை ஒரு கணமேனும் ஆடிப் பார்க்குமுன், அது நன்றோ தீதோ என ஒருவரும் அறியுமுன், முதல் கைக்கு வந்துவிட்டது. அந்நிலையிற் பொருளைச் செம்மை செய்யவேண்டும் என்னும் தூண்டுதல் ஆக்குநரின் மனச்சாட்சியிலிருந்து மாத்திரமே வரவேண்டும், சந்தையிலிருந்து வராது. மனச்சாட்சியுள்ள கலைஞர் அங்கு பலர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாளைக் குறிப்பவர் அவரல்லரே.

நம் கல்லூரியின் பரிசளிப்பு விழாவை எண்ணிப் பார்ப்போம். பரீட்சை எழுதாத மாணவனை மேடைக்கு அழைத்து, நீ நன்றாய் எழுதுவாய் என்று கேள்விப்பட்டோம் எனக் கூறிப் பரிசை வழங்குவோமா? வழங்கினால், அவன் எத்துணை நல்லவனாயினும், பின்னர் இராக்கண் விழித்துப் படிப்பான் என எதிர்பார்க்கலாமா? முன்பதிவு என்பது இத்தகைய பரிசே.

ஒரு காலத்தில் முன்பதிவுக்குக் காரணம் இருந்தது. கடையில் வரும் பெட்டிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. முந்திப் பெயர் பதியாதவன் வெறுங்கையோடு திரும்ப நேரும். இன்று இணைய வழியாக வரும் விளையாட்டுக்குத் தட்டுப்பாடு என்பதே இல்லை. பத்து இலட்சம் பேர் வாங்கிய பின்னும் அடுத்தவனுக்கு ஒன்று ஆயத்தமாக இருக்கும். காரணம் மறைந்த பின்னும் வழக்கம் நிலைத்திருப்பது எதனால்? அது விற்பவனுக்கு நன்மையாதலினாலேயாம். வாங்குபவனுக்குக் கிடைப்பன ஓர் அலங்கார உடையும் ஓரிரு படங்களுமே. அவற்றுக்கு ஈடாக அவன் கொடுப்பதோ தன் மதிப்பிடும் உரிமை.

எம் கருத்தை மறுப்போர் மூன்று நியாயங்களைக் கூறுவர். மேற்கூறிய இரு விளையாட்டுக்களும் பின்னர்த் திருந்தினவே என்பது முதலாவது. உண்மை. ஹலோ கேம்ஸ் நிறுவனத்தார் வசையெல்லாம் பொழிந்த வேளையில் வாய்மூடி வேலையில் இறங்கினர். ஆண்டுதோறும் பெரும் விரிவுகளை மேலதிகக் கட்டணமின்றி வழங்கினர். 2018 யூலையில் வந்த விரிவோடு, ஆடுவோர் ஒருவரையொருவர் கண்டு கூடி ஆடவும் முடிந்தது. சைபர்பங்கும் 2023 செப்டெம்பரில் வந்த பெருந்திருத்தத்தின் பின் பலரால் மெச்சப்பட்டது. இவ்வுழைப்பை யாம் மனமாரப் பாராட்டுகின்றோம். எனினும் எல்லாரும் இவ்வாறு செய்வதில்லை. கனடாவின் பயோவெயர் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ‘அன்தெம்’ பெருவிளம்பரத்தோடு வந்து ஏமாற்றியது. அதனைப் புதுக்கித் தருவோம் என்று தொடங்கிய முயற்சி 2021 பெப்ரவரியிற் கைவிடப்பட்டது. திருத்தம் கடமையெனக் கொள்ளப்படாமல் விற்றவரின் விருப்பத்தைப் பொறுத்ததாய் இருக்கும்வரை, முதலிற் பணம் கொடுத்தவன் ஊதியமின்றிப் பரிசோதனை செய்யும் வேலையாளே ஆவான்.

வாங்குவோரின் பேராசையே இதற்கெல்லாம் காரணம் என்பது இரண்டாவது நியாயம். இதிலும் ஓரளவு உண்மை உண்டு. நோ மான்ஸ் ஸ்கையின் வெளியீடு சில வாரம் பிந்தும் என்ற செய்தி 2016 மே மாதத்தில் வந்தபோது, ஆக்குநருக்குக் கொலைமிரட்டல் விடுத்தோரும் இருந்தனர். சொல்லாதவற்றையும் சொன்னதாகக் கற்பனை செய்து, தாம் கட்டிய மாளிகைக்குத் தாமே மயங்கியோர் பலர். ஒரு பொழுதுபோக்குக்காக மனிதப் பண்பை இழத்தல் எவ்வாற்றானும் மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும் பசியைத் தூண்டுவதற்கென்றே கோடிக் கணக்கிற் செலவிட்டவர், பசித்தவனைப் பழித்துத் தாம் தப்பிக்கொள்ள முடியாது.

மூன்றாவது நியாயம் சிந்தித்தற்குரியது. படைப்பாளி தன் கனவைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளலாகாதா? எல்லாம் முடிந்த பின்னரே வாய் திறத்தல் வேண்டுமெனின், புதுமை எங்ஙனம் ஆதரவு பெறும்? கனவைக் கூறுக என்பதே எம் விடை. ஆனால் கனவு வேறு, வாக்கு வேறு. “இதனைச் செய்ய முயல்கின்றோம்” என்பது கனவு. அச்சொல்லின் அருகே விலையையும், பணம் செலுத்துமிடத்தையும் வைத்த கணத்தில் அது வாக்காகிவிடுகின்றது. வாக்குக் கடனைப் போன்றது. கொடுத்தவன் இறுத்தே தீரல் வேண்டும். சொல்லியவண்ணம் செய்தலின் அருமையை வள்ளுவர் வினைத்திட்பத்திலே வற்புறுத்தியது நம் மாணவர் அறிந்ததே.

இனி, செய்யத்தக்கவை யாவை? மாணவருக்கு யாம் கூறுவது பொறுமை என்னும் ஒரு சொல்லே. விளையாட்டு வெளிவந்து சில வாரம் செல்லட்டும். நீர் வைத்திருக்கும் அதே இயந்திரத்தில் அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஆடியோர் வாயிலாக அறிக. குறைகள் திருத்தப்படும், விலையும் பெரும்பாலும் குறையும். காத்திருப்பவன் மலிவான விலையிற் சிறந்த பொருளைப் பெறுகின்றான். முந்தியவன் கூடிய விலையிற் குறைப்பொருளைப் பெறுகின்றான். தனிக்கணினி விளையாட்டுக்களை விற்கும் பெருங்கடையாகிய ஸ்டீம், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடி, வாங்கிய பதினான்கு நாளுக்குட் கேட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறையை 2015 இல் ஏற்படுத்தியது. அத்தகைய உரிமைகளை அறிந்து கையாளுதல் நாணத்தக்க செயலன்று.

எம் மாணவருட் பலர் நாளை மென்பொருட் பொறியியலாளராய் வரவிருப்பவர். ஏற்கெனவே அத்துறையில் உயர்ந்து நிற்கும் பழைய மாணவரும் இம்மலரை வாசிப்பர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். இயங்குவதை மாத்திரம் இயங்குகின்றதெனக் காட்டுக. வேலை முடிய எவ்வளவு காலம் வேண்டும் என்று மேலாளர் வினவுகையில், அவர் விரும்பும் விடையைக் கொடாது உண்மை விடையைக் கொடுக்க. ஐந்து வாரத்தில் முடித்துத் தருவேன் என்று வார்ஷோ அன்று இசைந்தார். அவ்விசைவின் பழி, நாளைக் குறித்த அதிகாரிகளை விட்டு, அவர் பெயரோடே பல்லாண்டு ஒட்டிக்கொண்டது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து ஏமாந்து நிற்கும் சிறுவனைக் கண்டு, விளையாட்டுத்தானே என்று நகையாதீர்கள். அவன் அன்று கற்றது பெரிய பாடம். நாளை அவன் வாக்களிப்பான். வேலைக்காகத் தரகரிடம் செல்வான். அதிக வட்டி தருவோம் என்பாரிடம் தன் சேமிப்பை வைக்கலாமா எனச் சிந்திப்பான். அங்கெல்லாம் அவன் எதிர்ப்படப் போவது இதே முன்னோட்டமும் இதே முன்பணமுமே. காட்டியது எது, கொடுத்தது எது என்று நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தைச் சிறிய இழப்பிலே கற்றுக்கொண்டவன் பெரிய இழப்பிலிருந்து தப்புவான். அவன் அருகில் அமர்ந்து, நீ எதனை நம்பினாய், ஏன் நம்பினாய் என்று வினவுதல் நம் கடமை.

விளையாட்டுக்கள் வளர்க, அவற்றை ஆக்கும் கலைஞர் செழிக்க. அவர்கள் கனவு காணவும், கண்ட கனவைச் செம்மையாக முடிக்கவும் போதிய காலம் பெறுக. அக்காலத்தை அவர்களுக்குப் பெற்றுத் தரவல்லது வாங்குவோனின் பொறுமையே. கண்ட பின் கொடுப்போம் என்று ஒரு தலைமுறை உறுதிகொள்ளுமாயின், காட்டத்தக்கதை ஆக்கிய பின்னரே விற்கும் வழக்கமும் தானே வந்து சேரும்.